சிவப்புத் தாளின் பின்பக்கம்
(எங்கள் ஊர் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மைக் செட்டை வாடகை வாங்காமல் கொடுத்துவிட்டு அது கீச்சிடும்போதெல்லாம் ஓடி ஓடி வரும் தம்பி அவர்களே! வர்த்தகர் சங்கத் தலைவர் ஐயா இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் அவருக்குத் தனியாக ஒரு வணக்கம் வைத்துவிடுகிறேன். முக்கியமாக, மூடவேண்டிய நேரம் தாண்டியும் நமக்காகக் கூடத்தைத் திறந்துவைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே! இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நடுவயதில் நாட்குறிப்பு’. மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். எதற்கு எழுதுவது, எப்படி எழுதுவது, எழுதியதை யாரிடம் காட்டுவது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பழமொழியும் தெரியும், நான் ஏறிய எந்த மேடையிலும் இதை விட்டதில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரிடம், பையன் என்ன மார்க், வீட்டுக் கடன் தவணை இன்னும் எவ்வளவு பாக்கி, அப்பாவுக்கு எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார். சரி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், முழிப்பார். அந்த முழிப்புக்குத்தான் நாட்குறிப்பு.

எனக்கு ஒரு சித்தி. பெயரைச் சொன்னால் இனி காபி கிடைக்காது. நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது, கண்ணைத் திறக்க முடியாத தலைவலி. கண்ணாடி மாற்றினார்கள், சுக்குப் பற்றுப் போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் சித்தப்பாவுக்குச் சந்தோஷம், கொடுத்த காசுக்குச் சின்னதாக ஏதாவது இருந்திருக்கலாமே என்று கொஞ்சம் வருத்தமும். கடைசியில் ஒரு டாக்டர், எந்தெந்த நாளில் வலிக்கிறது என்று எழுதி வையுங்கள் அம்மா என்றார்.

சித்தி இதற்கென்று நோட்டு வாங்கவில்லை. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே கிடக்கிறது, அதில் எழுதினார். முதலில் ‘வலி உண்டு’, ‘வலி இல்லை’, அவ்வளவுதான். அப்புறம் கை ஓட ஆரம்பித்துவிட்டது. ‘இன்று உப்புமா. யாரும் எதுவும் சொல்லவில்லை.’ ‘நாத்தனார் போன் செய்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை, ஊறுகாய் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.’ எழுதிய தாளையெல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பழைய டப்பாவில் போட்டு வைத்திருந்தார். சித்தப்பா ஒருநாள் அதைக் கண்டுபிடித்து, நமக்குத் தெரியாமல் இவள் சீட்டுப் பிடிக்கிறாள் என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாளை உருவிப் படித்தால், ‘இவர் ராத்திரி நன்றாகக் குறட்டை விட்டார். கொடுத்து வைத்தவர்’ என்று இருக்கிறது!

போகிக்கு வீடு ஒழிக்கும்போது சித்தி அந்த டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். ‘வலி உண்டு’ என்று எழுதின தாளையெல்லாம் ஒரு பக்கமாக எடுத்து வைத்துத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் எல்லாம் சிவப்பு! ஞாயிற்றுக்கிழமை சிவப்பு, தீபாவளி சிவப்பு, சுதந்திர தினம் சிவப்பு. வீட்டில் எல்லாருக்கும் லீவு என்றால் சித்திக்குத் தலைவலி. மூன்று தவணையாகத் தோசை, அப்புறம் கறிக்குழம்பு, சொல்லாமல் வருகிற கொழுந்தனார் குடும்பம், சாயங்காலம் பஜ்ஜி. சிவப்புத் தாளில் ஒன்றே ஒன்றில் மட்டும் ‘வலி இல்லை’ என்று இருந்தது. அது காந்தி ஜெயந்தி. அன்றைக்குக் கறிக்கடை கிடையாது!

சிரிக்கிறீர்கள், பெண்கள் பக்கம் அவ்வளவு சிரிப்பைக் காணோம். தன் முதுகு தனக்குத் தெரியாது, ஸ்கேனிலும் தெரியவில்லை, நாள்காட்டித் தாளில் தெரிந்தது. தலைவலி வந்தால் டாக்டரிடம் போகாதீர்கள் என்று நான் பேசியதாக மட்டும் யாரும் போட்டுவிடாதீர்கள், பத்திரிகைத் தம்பி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து எப்படி எழுதுவது. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களை, மனதை அறுக்கும் சம்பவத்தைப் பற்றி ஒரு நாளைக்கு 15 நிமிடம் வீதம், தொடர்ந்து நான்கு நாள் எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த சில மாதங்களில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா எதையோ எழுதச் சொல்லியிருந்த இன்னொரு பிரிவினரைவிட, நடந்ததையும் அதன் வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. அதனால் முதல் நாளே நெஞ்சு லேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எழுத்துப் பிழையும் பார்க்காதீர்கள்.

நாட்குறிப்பு என்றால் வெள்ளைக்காரன் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் ஆரம்பித்து, 1761இல் சாகும் காலம் வரை எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு வந்தது, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் என்ன சொன்னார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் பேச்சுத் தமிழில் இருக்கும். தன்னைப் புகழ்ந்தவர்களின் பேச்சையும் விடாமல் குறித்துக்கொள்வார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான், தன் வீட்டு நோட்டில்கூட அடக்கமாக இருக்கவேண்டும் என்றால் எப்படி? அவரிடம் திண்ணை இருந்தது, கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள், நேரமும் இருந்தது.

சித்திக்கு என்ன இருந்தது? வீட்டில் பையனுக்கு மேசை உண்டு, சித்தப்பாவுக்கு மேசை உண்டு, தையல் மிஷினுக்கு மேசை உண்டு. சித்தி அடுப்பு மேடையில் நின்றுகொண்டு எழுதினார். போகி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சமையலைச் சித்தப்பா தலையில் கட்டிவிட்டு நேரே இந்த நூலகத்துக்கு வந்து, இதோ அந்த ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். அன்றைக்குச் சித்தப்பா வைத்த சாம்பாரை நாங்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம், அது வேறு கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கூடம் ஆறரை மணிக்கு மூடுகிறது. ஜவுளிக் கடையில் நிற்கிற பெண் வேலை முடிந்து வரும்போது எட்டு. பஸ்ஸில் வந்து இறங்குகிற குமாஸ்தாவுக்கு ஏழரை. நடுவயதுக்காரர் யாருக்கு ஆறரைக்குள் ஓய்வு கிடைக்கும்? நூலகர் அம்மா மேல் குறை இல்லை, ஒற்றை ஆளாக எவ்வளவுதான் பார்ப்பார். பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதினாரே, முதல் விதி, புத்தகங்கள் பயன்பாட்டுக்கே. அதை விளக்கும்போதே நூலகம் எந்த நேரத்தில் திறந்திருக்கவேண்டும் என்றுதான் வாதாடுகிறார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமும் நம்முடையதுதான், 1948. அந்தச் சட்டப்படிதான் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ரசீதை எடுத்துப் பாருங்கள். கட்டுகிறவர்கள் வந்து உட்காரமுடியாத நேரத்தில் திறந்து வைத்தால் யாருக்காக? நாம் கேட்பது இன்னொரு ஊழியர், இரவு ஒன்பது மணி வரை விளக்கு, பெண்களுக்கு ஒரு நீள மேசை. கட்டடம்கூடக் கேட்கவில்லை.

வர்த்தகர் சங்கத் தலைவர் ஐயா வந்துவிட்டார், வணக்கம் ஐயா, உங்கள் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன், இதற்கான மனுவில் முதல் கையெழுத்து நீங்கள் போட்டால் நன்றாக இருக்கும்.

மூன்றாவது விஷயம் பாக்கி இருக்கிறது. நேரமாகிவிட்டது என்று விழாத் தலைவர் ஐயா துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டார், இரண்டாவது சீட்டு இது. மாவட்ட நூலக அலுவலருக்கான மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று தொடங்கினேன், மனுவிலும் அதையே முதல் வரியாகப் போட்டிருக்கிறேன், செயலாளருக்கு அதில் சம்மதமில்லை. பெயர், தெரு, கையெழுத்து மூன்றும் வேண்டும். பேனா நூலகர் அம்மாவிடம் இருக்கிறது, எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போய்விட்டது. நன்றி, வணக்கம்.