படகில் ஜிபிஎஸ்: ஆன்டெனாவைப் பாய்மர உச்சியில் மாட்டாதீர்கள்

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் இருக்கிறேன். அதனால் கேமரா படகைத் தாண்டி வெளியே திரும்பாது. "அந்தப் பெரிய கப்பலைக் காட்டுங்கள் அண்ணா" என்று கேட்காதீர்கள். இது துறைமுகம், இஷ்டத்துக்குப் படம் பிடிக்க முடியாது.

முதலில் இதைப் பாருங்கள். கிட்டே கொண்டுவருகிறேன். ஃபோகஸ் ஆகட்டும்... ஆச்சு. ஒரு சாண் நீளச் சிவப்பு ஒயர். என் பழைய ஜிபிஎஸ்ஸுக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தது இதுதான். இந்த நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது, பிரித்துவிட்டேன். உள்ளே செம்பு பளபளவென்று இருக்க வேண்டும். இருக்கிறதா? பச்சைக் களிம்பு. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது பாருங்கள்.

போன மாசியில் புதுச்சேரியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். மொத்தம் 70 கடல் மைல் சொச்சம். இரவு, மாமல்லபுரத்துக்கு நேரே வரும்போது காற்று சுத்தமாக விழுந்துவிட்டது. சரி, இன்ஜினைப் போடுவோம் என்று சாவியைத் திருப்பினேன். அந்த நொடியே ஜிபிஎஸ் திரை இருட்டாகிவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி போனது. ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் சற்று இறங்கும். நல்ல இணைப்பாக இருந்தால் கருவி அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தக் களிம்பு ஏற்கனவே கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுகொண்டிருந்ததால் தாங்கவில்லை. மிச்சத் தூரத்தைப் போனை வைத்துக்கொண்டு ஓட்டினேன். சென்னைக்கு வெளியே நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் கப்பல்களுக்கு நடுவே, ஈரக் கையோடு, ஒன்றைத் தொட்டால் இன்னொன்றைச் செய்யும் போன் திரையோடு. அந்த முறுக்கு ஜாயின்ட்டைப் போட்டவன் யார் என்று கேட்டீர்கள் என்றால், நான்தான்.

அதனால்தான் இந்த முறை எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டுப் புதிதாக மாட்டுகிறேன்.

நிறையப் பேர் கேட்பது: "போன் இருக்கும்போது தனி ஜிபிஎஸ் எதற்கு?" நியாயமான கேள்விதான். போனில் இருக்கும் ரிசீவர் ஒன்றும் மோசமில்லை. டவர் இல்லாத நடுக்கடலிலும் அது வேலை செய்யும். டவர் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நினைப்பது தப்பு. என்ன, நெட் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவலைச் சட்டென்று இறக்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அதை வானத்திலிருந்தே கேட்டு வாங்க வேண்டும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிரச்சினை வேறு. சித்திரை வெயிலில் பத்து நிமிஷம் வெளியே வைத்தால் போன் சூடாகி, "ஆறிய பிறகு வா" என்று அணைந்துவிடும். அப்புறம் உப்புத் தண்ணீர். இன்னொன்று, மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் உங்கள் விஎச்எஃப் ரேடியோவுக்கு இருப்பிடத்தைச் சொல்ல இந்தப் போனுக்குத் தெரியாது. அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், இந்த வீடியோவில் முக்கியமான விஷயமே அதுதான்.

வாங்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆசைப்பட்டு ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய மெரைன் ஜிபிஎஸ் ஒன்றை மலிவாக எடுத்தேன். இருப்பிடம் சரியாகக் காட்டியது. தேதியைப் பார்த்தால் கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் இருந்தது. கெட்டுப்போனது என்று நினைத்தேன், இல்லை. ஜிபிஎஸ் வாரங்களை எண்ணுகிறது, 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. பழைய மென்பொருள் இருக்கும் கருவிக்கு அது புரியாமல் 19 வருஷம் ஏழெட்டு மாதம் முன்னால் போய் உட்கார்ந்துவிடும். பழசு வாங்கப் போனால் வெளியே தூக்கிப்போய் வானத்தைக் காட்டி, தேதியை முதலில் பாருங்கள்.

கடைசியில் புதிதாகவே வாங்கினேன். திரை தனி, ஆன்டெனா தனி. கார்மின், ஃபுரூனோ, ரேமரின் என்று யாருடையதை எடுத்தாலும் நம் வேலைக்கு இருப்பிடம் சில மீட்டருக்குள் வந்துவிடும். 2000 மே மாதத்துக்கு முன்பு அமெரிக்க ராணுவமே வேண்டுமென்று சிக்னலைக் குழப்பி வைத்திருந்தது, அப்போது 100 மீட்டர் வரை தப்பும். அந்தக் காலம் போய்விட்டது. நான் பெட்டியில் பார்த்தது இரண்டே விஷயம். ஒன்று, நொடிக்குப் பத்து தடவை கணக்குப் போடுகிறதா. இரண்டு, நம்முடைய ககன் சிக்னலைப் பிடிக்கிறதா. ககன் என்பது இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காகச் செய்த திருத்தச் சேவை. ஜிசாட்-8, ஜிசாட்-10 வழியாக வருகிறது. ஜிசாட்-10 சென்னையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே நிற்கிறது. செயற்கைக்கோள் பட்டியல் பக்கத்தில் 127, 128 என்ற எண் தெரிந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு யூட்யூபர்கள் கையில் ஒரு சின்னக் கருவி வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்புவார்கள். ஆசைப்பட்டு அதைக் கொண்டுவராதீர்கள். அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருந்தால் போலீஸ் கேஸ் ஆகும். ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. அதனால் அதற்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, எங்கே மாட்டுவது? எல்லாரும் முதலில் காட்டுவது பாய்மர உச்சியை. "உயரத்தில் வைத்தால்தானே நன்றாக எடுக்கும்?" டிவி ஆன்டெனா பழக்கம். இங்கே அது வேண்டாம். செயற்கைக்கோள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, நீங்கள் பத்து மீட்டர் மேலே போய் என்ன ஆகப்போகிறது? ஆனால் கெடுதல் நிச்சயம். படகு இரண்டு பக்கமும் 20 டிகிரி ஆடுகிறது என்று வையுங்கள். பத்து மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இந்தப் பக்கம் மூன்றரை மீட்டர், அந்தப் பக்கம் மூன்றரை மீட்டர் போய்வரும். ஜிபிஎஸ் பாவம், படகுதான் அப்படி ஓடுகிறது என்று நம்பி வேகத்தையும் திசையையும் தாறுமாறாகக் காட்டும். நொடிக்குப் பத்து தடவை கணக்குப் போடும் ரிசீவர் அந்த ஆட்டத்தை இன்னும் விசுவாசமாகக் காட்டும். ஆன்டெனா தாழ்வாக இருப்பதுதான் நல்லது.

அடுத்து, பின்பக்கக் கம்பி. பெரும்பாலான படகுகளில் அங்கேதான் இருக்கும், தப்பில்லை. என் பழைய ஆன்டெனாவும் அங்கேதான் இருந்தது. ஆனால் இந்த ஊர்க் காக்காய்கள் இருக்கிறதே! வெள்ளையாக, உருண்டையாக இருந்தால் முட்டை என்று நினைக்குமோ என்னவோ, தினமும் வந்து கொத்தும். ஒயர் உறையையும் இழுத்துப் பார்க்கும்.

அதனால் நான் ஒரு சோதனை செய்தேன். என் படகு ஃபைபர் கிளாஸ். ஜிபிஎஸ் சிக்னல் ஃபைபர் வழியாக நன்றாகவே வரும். இரும்பு, அலுமினியம், கார்பன் ஃபைபர் வழியாக வராது. ஆன்டெனாவை முதலில் கம்பிமேல் வைத்தேன், 12 செயற்கைக்கோள். அப்புறம் பின்பக்க லாக்கருக்குள், தளத்துக்கு அடியில் வைத்து மூடியைச் சாத்தினேன், 11. அவ்வளவுதான் வித்தியாசம். மேலே ஈரக் கயிற்றுச் சுருளைப் போட்டுப் பார்த்தேன், எண்ணிக்கை குறைந்தது, ஏனென்றால் தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். சோலார் பேனலுக்கு நேர் கீழே வைத்தபோது இன்னும் குறைந்தது. இரண்டும் இல்லாத மூலையாகப் பார்த்து வைத்துவிட்டேன். தளத்தில் துளை இல்லை, ஒழுகல் இல்லை, வெயில் இல்லை, காக்கா இல்லை.

இதைப் பார்த்து காசிமேட்டிலிருந்து வந்திருந்த அண்ணன் சிரித்தார். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறார், இன்றைக்கு ஒயர் இழுக்க எனக்குக் கைகொடுக்க வந்தவர். "இன்னா தம்பி, பொட்டிக்குள்ள வெச்சா அதுக்கு எப்படிப்பா வானம் தெரியும்?" திரையைக் காட்டினேன். அதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சின்ன வயதில் அவருக்கு ஜிபிஎஸ் கிடையாது. லைட்ஹவுஸையும் சாந்தோம் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம் பிடித்து, கோடு இரண்டும் வெட்டும் இடத்தில் வலை விடுவாராம். இப்போது நடுவில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன என்று அலுத்துக்கொண்டார்.

இப்போது ஒயர். பாட்டி வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? பூசாமல் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். படகு ஒயரும் அதே கதைதான். வீட்டுக்கு வாங்கும் ஒயரில் வெறும் செம்பு. இது படகுக்கான ஒயர், வெட்டிக் காட்டுகிறேன்... உள்ளே வெள்ளையாகத் தெரிகிறதா? ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயப்பூச்சு. விலை அதிகம்தான், நமக்குத் தேவை நாலைந்து மீட்டர்.

முறுக்கி டேப் சுற்றும் வேலை இனி கிடையாது. இதோ, கிரிம்ப் போடுகிறேன், அதாவது ஒயர் நுனிகளை ஒரு உலோகக் குழலுக்குள் விட்டு இடுக்கியால் நசுக்குகிறேன். இழுத்துப் பார்க்கிறேன்... வரவில்லை. இதன் மேல், சூடு பட்டால் சுருங்கும், உள்பக்கம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டும்போது ஓரத்தைப் பாருங்கள், பசை ஒரு சொட்டு வெளியே பிதுங்குகிறது. அது பிதுங்கினால்தான் உள்ளே தண்ணீர் போகாது. பிதுங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்கள். அப்புறம் கருவிக்குள் நுழையும் முன் ஒயர் இப்படி ஒரு வளைவு தொங்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் ஈபி ஒயரைப் பாருங்கள், குழாய்க்குள் போகுமுன் தொங்கும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. ஃபியூஸ் பேட்டரிப் பக்கம் இருக்க வேண்டும், கருவிப் பக்கம் அல்ல. ஒயர் நடுவில் உரசிச் சேர்ந்தால் காப்பாற்ற வேண்டியது ஒயரைத்தான்.

இப்போது ரேடியோ. இந்தச் சிவப்பு மூடியைத் திறந்தால் ஒரு பட்டன். ஆபத்தில் சில நொடி அழுத்திப் பிடித்தால் சேனல் 70-இல் தானாக அபாயச் செய்தி போகும். அதில் உங்கள் படகின் ஒன்பது இலக்க எண் இருக்கும், இந்தியப் படகு என்றால் 419 என்று தொடங்கும். ஜிபிஎஸ் இணைத்திருந்தால் இருப்பிடமும் சேர்ந்து போகும். இணைக்காவிட்டால் "நான் மூழ்குகிறேன்" என்று போகும், எங்கே என்று போகாது. எத்தனையோ படகுகளில் இந்த இரண்டு ஒயர் மட்டும் இணைக்காமல் சுருட்டிக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஜிபிஎஸ்ஸில் பேசும் ஒயரை ரேடியோவில் கேட்கும் ஒயரோடு சேருங்கள். பழைய வகை இணைப்பு (என்எம்இஏ 0183) என்றால் இரண்டு கருவியின் செட்டிங்கிலும் தகவல் போகும் வேகத்தை 4800 என்று வையுங்கள். சோதனைக்காக அந்தப் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள். ரேடியோ திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிகிறதா என்று பார்த்தால் போதும். கரையில் இருப்பவர்களிடம் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இருப்பிட எண்ணைப் பற்றி ஒன்று. 13 டிகிரி 07.25 நிமிடம் என்பதை நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன், அவர் மேப்பில் 13.0725 என்று போட்டுவிட்டார். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் அல்லவா, சரியாகப் போட்டால் 13.1208 வர வேண்டும். வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று கடல் மைல், ஐந்தரை கிலோமீட்டர். நான் துறைமுகத்துக்கு வடக்கே காத்திருக்கிறேன், அவர் மெரினா பக்கம் தேடுகிறார். சொல்லும்போது "நிமிடம்" என்ற வார்த்தையை விழுங்காதீர்கள்.

ஜிபிஎஸ் சரி, வரைபடமும் சரியாக இருக்க வேண்டும். துறைமுகச் சுவர் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்துக்கொண்டே போனது. கரை நகரும் ஊர் இது. கடல் வரைபடம் போடும், டேராடூனில் இருக்கும் தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் வெளியிடும் திருத்தங்களைப் போட்டுக்கொள்ளுங்கள், கருவியின் செட்டிங்கில் டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் இருப்பிடத்தைக் கணக்கிடும் அளவுமுறை) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, ஆன் பண்ணுகிறேன். அண்ணா, அந்த ஸ்விட்சை மேலே தள்ளுங்கள்... வந்துவிட்டது. 13 டிகிரி 06 நிமிடம் வடக்கு. வேகம் 0.1. இந்த அம்புக்குறி சுற்றிச் சுற்றி வருகிறதே, பயப்படாதீர்கள். கட்டிப்போட்ட படகின் மூக்கு எந்தப் பக்கம் என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. நகர்ந்தால்தான் திசை சொல்லும், அதுவும் போகும் திசையைத்தான், மூக்கின் திசையை அல்ல. மூக்குக்குக் காம்பஸ் இருக்கிறது.

இப்போது இன்ஜின். திரையை விட்டுக் கண் எடுக்காதீர்கள். சாவியைத் திருப்புகிறேன்... மறுபடி ஒரு தடவை... இன்னொரு தடவை. அணையவில்லை!

அண்ணன் எட்டிப் பார்க்கிறார். "சரி தம்பி, உள்ள இருந்தே வானம் தெரியுது போல. டீ சாப்பிடப் போலாமா?" போகலாம் அண்ணா, இந்த ஃபியூஸ் பெட்டியை மட்டும் மூடிவிட்டு வருகிறேன்.