வெங்காய உரியும் காற்றுக் குமிழும்

நேயர்களுக்கு வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை வீட்டிலோ அயலிலோ இருந்தால், கலம், கரு, புன்வெற்றிடம், பிரசாரணம் என்ற சொற்கள் இரவு பதினொரு மணிக்கும் உங்கள் காதில் விழுந்திருக்கும். வெள்ளவத்தையில் ரியூசன் முடித்து வந்து அப்படிச் சத்தமிட்டுப் பாடமாக்கியவர்களில் நானும் ஒருத்தி. நெருக்கியடித்து அமர்ந்த மண்டபத்தில், ஒலிவாங்கியில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதி, நுணுக்குக்காட்டியின் பாகங்கள் அத்தனைக்கும் பெயர் குறிக்கக் கற்றிருந்தேனே தவிர, அந்தக் கருவியைத் தொட்டதில்லை.

தொட்டது ஓர் ஆகஸ்ட் விடுமுறையில், இங்கே கொழும்பில் இரண்டு கிழமை நடந்த செய்முறை வகுப்பில். முதல் நாள் ஆளுக்கொரு துண்டு பம்பாய் வெங்காயம் தந்தார்கள். வெங்காயம் வெட்டும்போது சதைப்பற்றான இதழின் உட்புறத்திலிருந்து கண்ணாடித்தாள் போன்ற ஒரு மெல்லிய உரி விரலில் ஒட்டிக்கொண்டு வரும். சமையலறையில் நிற்பவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். உயிருடலின் மிகச் சிறிய அலகைத்தான் கலம் என்கிறோம்; அந்த உரியின் தடிப்பு ஒரேயொரு கலம். அதைக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீரில் விரித்து, அயடீன் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய மூடித்துண்டை ஊசியில் சாய்த்துத் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். நான் சாய்க்கவில்லை. தட்டையாகப் போட்டுவிட்டேன்.

கண்ணை வைத்துப் பார்த்தபோது, செங்கல் அடுக்கியது போன்ற கலங்களின் நடுவே கரிய விளிம்புடன் வட்டமாக ஒன்று தெரிந்தது. கலத்தை இயக்கும் மையமான கரு அகப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியில் பென்சிலைக் கூர்மையாக்கி, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே கலத்தின் நட்டநடுவில் அதை வரைந்து, பெயரும் குறித்தேன். பொறுப்பாசிரியை வந்து படத்தைப் பார்த்தார், பிறகு குனிந்து கருவியினூடாகப் பார்த்தார். "பிள்ளை, பக்கத்துக் கலங்களுக்குக் கரு இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஊசி முனையால் மூடித்துண்டை இலேசாக அழுத்தினார். என் கரு நாலைந்து கலங்களைத் தாண்டி ஓடி, ஓரத்தில் போய் நின்றது. அது காற்றுக் குமிழ். நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒளி வளைவதால்தான் அதற்கு அத்தனை கரிய விளிம்பு.

உண்மையான கரு, அயடீன் பட்டு மங்கிய மஞ்சளாக, கலச்சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. புன்வெற்றிடம் என்ற, சாறு நிறைந்த பெரிய பை கலத்தின் நடுவை அடைத்துக்கொண்டால் கரு ஓரத்துக்குத்தானே போகும்? இந்தக் காரணத்தை நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன், முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் கண் பார்த்ததைக் கை வரையவில்லை, பாடமாக்கியதை வரைந்தது. 1831இல் தாவரவியலாளர் றொபேட் பிறவுண் ஓர்க்கிட் இலைத்தோலில் இதே உருண்டையைக் கண்டு அதற்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தது ஒற்றை வில்லை நுணுக்குக்காட்டி. முன்கூட்டிப் பாடமாக்குவதற்கு அவருக்குப் பாடப்புத்தகப் படம் ஒன்றும் இருக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சற்றுப் பொறாமைதான்.

மூன்றாம் நாள் பேரே வாவியின் பச்சை நீரைப் பார்த்தோம். கண்ணாடித் துண்டை வலப்புறம் நகர்த்தினால் உருவம் இடப்புறம் போகும் என்பதும் எழுதத் தெரிந்த விடயம்தான். ஓடும் உயிரியைத் துரத்தும்போது கை அதைக் கேட்டால்தானே!

இரண்டாம் கிழமை பற்றீரியா வளர்த்தோம். பற்றீரியா வளர்வதற்குத் தட்டில் ஊற்றி உறையவைக்கும் ஏகார், நோன்புக் காலத்தில் முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் நாம் சுவைக்கும் அதே கடற்பாசிதான். 1881இல் ஜெர்மனிய நுண்ணுயிரியலாளர் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வோல்டர் ஹெஸே, வெப்பத்தில் இளகிவிடும் ஜெலற்றினோடு திண்டாடியபோது, ஏகாரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபனி. தன் சமையலறையில் அவர் கண்ட பொருள் அது. ஒருமுறை உறைந்த ஏகார் மறுபடி உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும் என்பதால் கொழும்பு வெயிலுக்கும் அது அசையாது. இதைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தலாம். ஆனால் கலையகக் கண்ணாடிக்கு அப்பால் இருந்து நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள்.

வெங்காய வேர்நுனியில் கலம் பிரிவதைப் பார்த்த கதையை விட்டுவிடுகிறேன். ஏகார்த் தட்டின் முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாதியில் கழுவாத விரலையும் மறு பாதியில் சவர்க்காரமிட்டுக் கழுவிய விரலையும் ஒற்றி, மூடி, ஒட்டிவைத்தோம். அன்றே நான் அட்டவணையில் "கழுவிய விரல்: வளர்ச்சி இல்லை" என்று எழுதியும் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் இரு பாதியிலும் வெண்புள்ளிகள். கழுவிய கையை என் கைக்குட்டையில் துடைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் அழிறப்பர் கேட்டேன். அவளும் தன் அட்டவணையைத்தான் அழித்துக்கொண்டிருந்தாள். நன்றி, வணக்கம்.