வீட்டின் நெருக்கீட்டைச் சுமப்பவர் யார்?

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

உளநலம் என்றதும் நாம் நோயைப் பற்றியே நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனமோ, ஒருவர் தமது ஆற்றலை உணர்ந்து, வாழ்வின் வழமையான நெருக்கீடுகளுக்கு ஈடுகொடுத்து, பயனுள்ள வேலை செய்து, தாம் வாழும் சமூகத்துக்கும் தம் பங்கை அளிக்கக்கூடிய நல்ல நிலையையே உளநலம் என்கிறது. நெருக்கீடே இல்லாத வாழ்வை இந்த வரையறை எவரிடமும் எதிர்பார்க்கவில்லை.

ஆபத்து என்று மூளை கணித்த உடனே, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, சமிபாடு மந்தமாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இலங்கையின் கிழக்குக் கரையில் நாவலடியிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு அந்த வேகத்தைக் கொடுத்தது இந்த ஏற்பாடுதான். ஆனால் தாக்கம் ஓயாமல் நீடிக்குமானால் அதே ஏற்பாடு உடலைச் சிதைக்கத் தொடங்கும் என்பதற்கான அடையாளங்களை நெருக்கீட்டை ஆராய்ந்த ஹான்ஸ் செலியே 1936 இலேயே எலிகளிடம் கண்டு எழுதினார். தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை என்று மீண்டும் மீண்டும் வைத்தியசாலைக்கு வரும் தாய்மாரை ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது சரியல்ல. அவர்களுடைய உடல் பொய் சொல்லவில்லை.

இந்த ஓயாத நெருக்கீடு எங்கிருந்து வருகிறது? போரும் கடலும் வறுமையும் காரணங்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நான் இன்று பேச விரும்புவது, நாம் நல்லவை என்று போற்றும் இரண்டு விழுமியங்கள் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்வதைப் பற்றி. தாய்வழியாகக் குடி, அதாவது குலமரபு, பார்க்கும் எமது மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில், மணமான மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமை. மருமகன் அந்த வீட்டுக்கே வந்து வாழ்கிறார். தாயும் அம்மம்மாவும் பக்கத்திலேயே இருப்பதால், ஒரு பெண்ணுக்கு இது பெரும் பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே எத்தனையோ தாய்மார் சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போகிறார்கள். மகளுக்கு வீடு வேண்டும் என்பதும் மகளுக்கு அருகில் தாய் வேண்டும் என்பதும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவை. இரண்டையும் ஒரே காலத்தில் நிறைவேற்ற முடியாமற்போவதுதான் துன்பம். போன தாயையும் வீட்டில் இருக்கும் தகப்பனையும் பழிப்பதால் அந்தத் துன்பம் குறையாது.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது மூத்த மகளை. இருவருக்கிடையே பதற்றம் கூடும்போது அவர்கள் தம்மையறியாமலே மூன்றாமவர் ஒருவரை இடையில் இழுத்துக்கொள்கிறார்கள் என்று அமெரிக்க உளமருத்துவர் மரே போவன் விளக்கினார். அதை ‘முக்கோணம்’ என்றார். இரவு வாட்ஸ்அப் அழைப்பில் தாய் கேட்கிறார்: “அப்பா காசை என்ன செய்தவர்? இன்றைக்கும் குடிச்சவரா?” அழைப்பு முடிந்ததும் தகப்பன் கேட்கிறார்: “அம்மாவிட்ட என்ன சொன்னனி?” அம்மம்மாவுக்கோ மருமகனைப் பற்றிச் சொல்ல வேறு கதை இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை மூவருக்கும் தூதாகவும் சாட்சியாகவும் நின்று, தம்பி தங்கையையும் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் பாடசாலையில் மயங்கி விழுகிறாள். உடனே பேய்க்குற்றம் என்கிறோம், அல்லது பிள்ளைக்குப் படிப்பில் கவனமில்லை என்கிறோம். உடல் காரணம் உண்டா என்று வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும். அது இல்லையென்றால், அந்தப் பிள்ளையின் நோய் அந்த வீட்டின் ஒழுங்கிலேயே இருக்கக்கூடும். பிள்ளையை மட்டும் உளவளத்துணைக்கு, அதாவது மன ஆலோசனைக்கு, அனுப்பிவிட்டு வீடு மாறாதிருந்தால் பயன் அதிகம் கிடைக்காது.

ஆகவே பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது. பணத்தைப் பற்றியும் குடிப்பழக்கத்தைப் பற்றியும் கணவனும் மனைவியும் நேரடியாகப் பேசுங்கள். அழைப்பின்போது அந்தப் பேச்சு நடக்கும் நேரத்தில் பிள்ளை வெளியே விளையாடட்டும். பிள்ளையுடன் பேசும் நேரத்தில் அவளுடைய பாடத்தையும் தோழிகளையும் பற்றிக் கேளுங்கள். கோயிலில் நேர்த்தி வைப்பதையோ தண்ணீர் ஓதுவிப்பதையோ நான் தடுக்கவில்லை. நித்திரையும் பசியும் இரண்டு கிழமைக்கு மேலாகக் கெட்டிருந்தால் அதனோடு வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். ‘சாக வேண்டும்’ என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் அன்றே போங்கள், அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று அஞ்சி மறைப்பவர்கள் நம்மிடையே பலர். வேறொரு நாள் பேசுவதற்கு வீட்டிலிருந்து வர முடியாதவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் தனியே வாருங்கள்.