கர்ப்பம், பிரசவம்னு வர்ற ரிப்போர்ட்ல இருக்குற வார்த்தைக்கெல்லாம் என்னதான் அர்த்தம்?

(திரையில்: ரெண்டு கோடு தெரியுற டெஸ்ட் கிட்)

வணக்கம். கிட்ல ரெண்டு கோடு வந்துருச்சு, டாக்டர்ட்ட போனா "உங்களுக்கு இப்ப 5 வாரம்"ங்குறாங்க, நீங்க மனசுக்குள்ள எண்ணிப் பார்த்தா 3 வாரம்தான் வருது. யார் கணக்கு தப்பு? யாரோடதும் தப்பில்ல. கரு எந்த நாள் உண்டாச்சுன்னு கரெக்டா சொல்றது கஷ்டம், ஆனா கடைசி பீரியட்ஸ் என்னிக்கு வந்துச்சுன்னு நமக்குத் தெரியும், அதனால அதோட முதல் நாள்ல இருந்தே எண்ண ஆரம்பிச்சிடுறாங்க. அதுதான் எல்எம்பி. அதாவது முதல் ரெண்டு வாரம் நீங்க கர்ப்பமே கிடையாது, ஆனா கணக்குல உண்டு!

அந்த தேதியோட 9 மாசமும் 7 நாளும் கூட்டுனா இடிடி, பிரசவ தேதி. மார்ச் 1ன்னா டிசம்பர் 8. கிட்டத்தட்ட 280 நாள், 40 வாரம். இது 28 நாளைக்கு ஒருக்கா பீரியட்ஸ் வர்றவங்களுக்குப் போட்ட கணக்கு, உங்களுக்கு தள்ளித் தள்ளி வரும்னா ஆரம்பத்துல எடுக்குற ஸ்கேனை வச்சு தேதியை மாத்துவாங்க. அப்படி மாத்தியும் சரியா அந்த நாள்லயே பொறக்குற குழந்தைங்க ரொம்பக் கம்மி, 100ல ஒரு 5 இருக்கும். அதனால சொந்தக்காரங்க எல்லாருக்கும் தேதியைச் சொல்லி வைக்காதீங்க, தினமும் போன் வரும்.

(திரையில்: ஜி2 பி0 எல்0 ஏ1)

ஃபைல் மேல இப்படி ஒண்ணு எழுதியிருப்பாங்க. ஜின்னா இப்ப இருக்குறதையும் சேர்த்து எத்தனாவது தடவை கர்ப்பம், பின்னா இதுக்கு முன்னாடி எத்தனை பிரசவம், எல்னா எத்தனை குழந்தை உயிரோட இருக்கு. ட்வின்ஸ் பெத்திருந்தா பிரசவம் ஒண்ணு குழந்தை ரெண்டு, அப்ப பி1 எல்2. இதுல மனசு நோகுறது "ஏ"ங்குற எழுத்துதான், அபார்ஷன். "நான் கலைக்கவே இல்லையே, தானாதானே போச்சு, ஏன் இப்படி எழுதிருக்காங்க"ன்னு அழுதவங்க இருக்காங்க. மருத்துவ பாஷையில தானா கலைஞ்சாலும் அதே எழுத்துதான், உங்க மேல பழி போட்டு எழுதுனது இல்ல. இதை ஒரு வார்த்தை யாராவது எடுத்துச் சொல்லிட்டு எழுதலாம்ங்குறது என் கருத்து.

ஸ்கேனுக்கு வருவோம். சிஆர்எல்னா தலையில இருந்து பிட்டம் வரைக்கும் நீளம், கால் கணக்குல வராது. அப்புறம் வர்ற பிபிடி, ஹெச்சி தலையோட அளவு, ஏசி வயித்தைச் சுத்தி, எஃப்எல் தொடை எலும்பு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தனித்தனியா வாரம் போட்டிருக்கும், தலை 22 வாரம் தொடை 21 வாரம் 3 நாள்னு இருந்தா உடனே கால் குட்டைன்னு முடிவு பண்ணிடாதீங்க, சில நாள் முன்னபின்ன இருக்குறது சகஜம். ஏஎஃப்ஐன்னா பனிக்குட நீர், கர்ப்பப்பையை நாலு பாகமா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் நீர் எத்தனை செமீ ஆழம்னு அளந்து கூட்டுவாங்க, 5ல இருந்து 25 வரைக்கும் பொதுவா ஓகே. பிளாசென்டா ஆன்டீரியர்னா நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோட முன்பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கு, நடுவுல மெத்தை வச்ச மாதிரி இருக்குறதால அசைவு கொஞ்சம் லேட்டா தெரியலாம். அதை வச்சு பையனா பொண்ணான்னு சொல்றதெல்லாம் சும்மா.

(திரையில்: பொறந்த குழந்தை, பக்கத்துல கடிகாரம்)

பொறந்ததும் அப்கார் ஸ்கோர். 1952ல விர்ஜினியா அப்கார்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் உருவாக்குனது, அவங்க பேர்தான் அது. இதயத்துடிப்பு, மூச்சு, உடம்போட முறுக்கு, தூண்டுனா சிணுங்குதா, நிறம், ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க், 1வது நிமிஷமும் 5வது நிமிஷமும் பார்ப்பாங்க. 7ம் அதுக்கு மேலயும் வந்தா நல்லது. 9 வந்தா மிச்சம் ஒண்ணு எங்கன்னு கேக்குற தாத்தாக்கள் கவனத்துக்கு, கை கால் கொஞ்ச நேரம் நீலமாத்தான் இருக்கும், அதுல போச்சு. இது அறிவுக்குப் போடுற மார்க்கும் இல்ல.

மெகோனியம்னா தார் மாதிரி கருப்பா வர்ற முதல் மலம், கொலஸ்ட்ரம்னா நம்ம சீம்பால், ஃபான்டனெல்னா உச்சிக்குழி. லாட்ச்னா குழந்தை வாயைப் பெருசா திறந்து காம்போட சேர்த்து கருவட்டத்தையும் கவ்வுறது, வெறும் காம்பை மட்டும் புடிச்சா உங்களுக்கு உயிர் போற மாதிரி வலிக்கும்.

கடைசியா சாமான். பாசினெட்னா முதல் சில மாசத்துக்கான குட்டித் தொட்டில், க்ரிப்னா கம்பி வச்ச பெரிய கட்டில். ஸ்வாடில்னா சுத்தி வைக்குற துணி, குழந்தை புரள ஆரம்பிக்குற மாதிரி தெரிஞ்சாலே நிறுத்திடணும். க்ரிப்போட சேர்த்து பம்பர் (கம்பியைச் சுத்தி உள்பக்கமா கட்டுற மெத்தை), தலைகாணி, பொம்மைன்னு செட்டா விப்பாங்க, போட்டோவுக்கு அழகா இருக்கும், ஆனா தூங்குற இடத்துல அது ஒண்ணும் இருக்கக்கூடாது, மூச்சு அடைச்சிடும். கெட்டியான மெத்தை, இறுக்கமான விரிப்பு, மல்லாக்க படுக்க வைங்க, அவ்ளோதான். கம்பிக்கு நடுவுல இடைவெளி 6 செமீக்கு மேல போகக்கூடாது, டேப் இல்லன்னா ஒரு கூல்டிரிங்ஸ் கேனை எடுத்து நுழைச்சுப் பாருங்க, உள்ள போயிடுச்சுன்னா அந்த க்ரிப் வேணாம்.