சம்மதம் கேட்டார்களா?

எல்லோருக்கும் வணக்கம். இணையத்தில் பெண்கள் மீதான வன்முறையும் சட்டச் சீர்திருத்தமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தை யாரோ வெளியே விட்டுவிட்டால், சட்டம் முதலில் என்ன கேட்கிறது?

பழைய சட்டங்கள் கேட்டது, "படம் ஆபாசமா?" என்று. ஆபாசம் என்றால், படத்தில் இருப்பவளும் கூனிக் குறுகி நிற்க வேண்டும். ஆபாசம் இல்லை என்றால் வழக்கே நிற்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இப்படிப் படத்தை வெளியே விடுவதற்கு 'பழிவாங்கும் ஆபாசம்' என்று ஒரு பெயர் வேறு வைத்தார்கள். பழிவாங்க அவள் என்ன செய்தாள்?

இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-இல் இதற்கென்றே தனிக் குற்றப்பிரிவு கொண்டுவந்தன. நல்லதுதான். ஆனால் அதற்குள் ஒரு ஓட்டை இருந்தது: அந்தப் பெண்ணை நோகடிக்கும் நோக்கத்தோடு பகிர்ந்ததாக நிரூபிக்க வேண்டும். "நண்பர்களிடம் பீற்றிக்கொள்ளத்தான் அனுப்பினேன்", "காசுக்காகப் போட்டேன்" என்று சொல்கிறவனை என்ன செய்வது? அவன் மனதில் என்ன இருந்தது என்று தேடுவதிலேயே வழக்கு நீர்த்துப் போகும். "வெளியே விட்டுவிடுவேன்" என்று மிரட்டுவது 2021-இல்தான் குற்றமானது. 2023-இல் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம் கடைசியில் அந்த ஓட்டையை அடைத்தது. சம்மதம் இல்லாமல் பகிர்ந்தாலே குற்றம். கெட்ட நோக்கம் இருந்தால் தண்டனை கூடும். ஒரு நிபந்தனையை எடுக்க எட்டு வருடம்!

அந்த எட்டு வருடமும் சும்மா கரையவில்லை. பாதிக்கப்பட்ட பெண்கள் விடாமல் போய்க் கதவைத் தட்டினார்கள். இந்த விஷயத்தில் எனக்கு மெக்சிகோவின் ஒலிம்பியா கோரல் மெலோதான் முதலில் நினைவுக்கு வருவார். அவருக்கு 18 வயதாக இருந்தபோது அவருடைய அந்தரங்கக் காணொளி ஊரெல்லாம் பரவியது. புகார் கொடுக்கப் போனால், இதைக் குற்றம் என்று சொல்லும் சட்டமே இல்லை. சரி, அப்படியானால் சட்டத்தை எழுதுவோம் என்று இறங்கினார். 2018-இல் அவருடைய புவெப்லா மாநிலத்தில் திருத்தம் வந்தது. பிறகு மாநிலம் மாநிலமாக நகர்ந்து, 2021-இல் நாடு முழுவதற்கும் ஆனது. 'ஒலிம்பியா சட்டம்' என்று ஒருமையில் சொல்கிறோமே தவிர, உண்மையில் அது பல திருத்தங்களின் தொகுப்பு.

தண்டனை ஒரு பக்கம். படம் மணிக்கணக்கில் பரவுகிறது, தீர்ப்போ வருடக்கணக்கில் வருகிறது. அதனால் கடிகாரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததுதான் என் பார்வையில் பெரிய மாற்றம். ஆஸ்திரேலியாவில் இதற்கென இருக்கும் ஆணையர் உத்தரவிட்டால், 24 மணி நேரத்தில் படத்தை எடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 2025-இல் வந்த சட்டம், பாதிக்கப்பட்டவர் முறையாகக் கேட்டால் தளங்களுக்கு 48 மணி நேரம் தருகிறது. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிப் படங்களுக்கும் இது பொருந்தும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கோபத்தில் அவசரமாகச் சட்டம் எழுதினால் அது நம் மீதே பாயும். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவு, இணையத்தில் பிறருக்குத் தொல்லை தருவதைத் தடுக்கிறேன் என்றுதான் வந்தது. அதன் சொற்கள் யாரை வேண்டுமானாலும் உள்ளே தள்ளும் அளவுக்கு அகலமாக இருந்தன. 2012-இல் ஒரு முகநூல் பதிவுக்காக ஒரு இளம்பெண்ணைக் கைது செய்தார்கள். அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியையும் சேர்த்து! 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. அதனால் திருத்தம் கேட்டுப் போகும்போது, எந்தச் செயல் குற்றம் என்பதை வார்த்தை வார்த்தையாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், சட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையில் ஆதாரம் வேண்டும். படத்தைப் பார்த்த பதற்றத்தில் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம். அழிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தின் முகவரி, பதிவிட்ட கணக்கு, தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தனியாக உட்கார்ந்து அதைச் செய்யத் தெம்பு இருக்காது. பக்கத்தில் ஒரு தோழியை வைத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் கேளுங்கள், பேசுவோம்.