ஒரே முள்ளு, மூணு பஞ்சர்! மதுரை வைகைக் கரையில ரோடு பைக் (ஒல்லி டயர் சைக்கிள்) ஓட்டுறவங்க கட்டாயம் பாருங்க

[காட்சி: காத்து இறங்கின பின்சக்கரம், பின்னால வைகை]

ட்யூபை மாத்தியாச்சு, காத்தும் அடிச்சாச்சு. கோச்சடையில ஏறின வண்டி ஆரப்பாளையம் தாண்டுறதுக்குள்ள மறுபடியும் ரிம் தரை தட்டுது. புது ட்யூப் மட்டமான சரக்குன்னு நினைச்சு கடைக்காரரைத் திட்டிராதீங்க. பழைய முள்ளு இன்னும் டயருக்குள்ளதான் உட்கார்ந்திருக்கு!

வணக்கம் மக்களே. ரூட்டைப் பத்தி ரெண்டே வரி. ஆத்தோட ரெண்டு பக்கமும் கரையை ஒட்டி ரோடு இருக்கு. விடியக்காலையில கிளம்புங்க, பாலம் வந்து சேர்ற இடத்துல எல்லாம் வேகத்தைக் குறைங்க. அவ்வளவுதான். இப்ப முள்ளுக்கு வருவோம்.

கரையில நமக்கு எதிரி ரெண்டு பேரு. ஒண்ணு சீமைக்கருவேலம். அந்த முள்ளு 5 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், ஆணி மாதிரி நேரா இருக்கும். விறகு வெட்டி ஏத்திட்டுப் போற வண்டியில இருந்து உதிரும், மழைத் தண்ணி அதை ரோட்டோரத்துல ஒதுக்கும். அதனால ஓரத்துல இருந்து முக்கால் மீட்டராவது உள்ள தள்ளி ஓட்டுங்க. மழை விட்ட மறுநாள் இன்னும் கவனம் வேணும், ஈர ரப்பர்ல முள்ளு வழுக்கிட்டு உள்ள போயிரும்.

இன்னொரு ஆளு நெருஞ்சி. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான், கொஞ்ச நேரம் எடுத்துக்கறேன். தரையோட படர்ந்து, அஞ்சு இதழ்ல மஞ்சளாப் பூக்கும். சிறுநீர்க் கோளாறுக்குக் கஷாயம் வைக்கிறோமே, அதே சிறுநெருஞ்சிதான். காய் காய்ஞ்சதும் அஞ்சு துண்டாப் பிரியும். ஒவ்வொரு துண்டுலயும் பெரிய முள்ளு ரெண்டு, சின்ன முள்ளு ரெண்டு. கையில எடுத்துத் தரையில போட்டுப் பாருங்க. அங்கிட்டு உருண்டாலும் இங்கிட்டு உருண்டாலும் ஒரு முள்ளு வானத்தைப் பார்த்து நிக்கும்! காலுலயோ குளம்புலயோ குத்தி ஒட்டிக்கிட்டாத்தான் அது அடுத்த ஊருக்குப் போய் முளைக்க முடியும். இப்ப நம்ம டயரும் அதுக்கு ஒரு வாகனம். அமெரிக்காவுல சைக்கிள் ஓட்டுறவங்க இதே செடியோட முள்ளை 'ஆட்டுத்தலை'ன்னு சொல்லிப் புலம்புறாங்க. ரெண்டு கொம்போட இருக்கிற அந்தத் துண்டைப் பார்த்தா ஏன்னு புரியும்.

சரி, ஒரே முள்ளு எப்படி மூணு பஞ்சர் போடுது? கருவேல முள்ளு உள்ள இறங்கினதும் வெளிய நீட்டிட்டு இருக்கிற பாகம் ரோட்டுல தேய்ஞ்சு ஒடிஞ்சிரும். வெளிய பார்த்தா ஒரு கரும்புள்ளி, அவ்வளவுதான். நுனி டயரோட நூலுக்குள்ள மாட்டியிருக்கும். நீங்க ஏறி உட்கார்ந்து டயர் நசுங்குறப்ப மட்டும் அது ஒரு மில்லிமீட்டர் உள்ள எட்டிப் பார்க்கும். புது ட்யூபுக்கு அது போதும்.

அதனால முள்ளைக் கண்டுபிடிக்காம ட்யூப் மாத்தாதீங்க. இதுக்கு வீட்டுலயே ஒரு வேலை செஞ்சு வையுங்க: டயர் மாட்டும்போது அதுல இருக்கிற கம்பெனிப் பேரு வால்வுக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. பஞ்சர் ஆனா ட்யூபுல காத்தடிச்சு ஓட்டையைக் கண்டுபிடிங்க. வால்வுல இருந்து அது எத்தனை சாண் தள்ளி இருக்கோ, டயர்லயும் பேருல இருந்து அத்தனை சாண்லதான் முள்ளு இருக்கும். ட்யூபை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிச்சிருக்கோம்னு குழம்பும், ரெண்டு பக்கமும் தேடிருங்க. விரலை விட்டுத் தேடாதீங்க, கிழிச்சிரும். பழைய பனியன் துணியால உள்பக்கம் துடைச்சிட்டே வாங்க, துணியோட நூல் மாட்டுற இடத்துல முள்ளு. டயரை அந்த இடத்துல வெளிப்பக்கமா மடக்கினா நுனி தலை காட்டும், முள்வாங்கியால பிடுங்குங்க. அப்புறம் முழு வட்டமும் ஒரு தடவை துடைங்க, ரெண்டாவது முள்ளு இருக்கலாம்.

ட்யூபுல பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டையா? அப்ப முள்ளு மேல தப்பில்ல. காத்து கம்மியா இருந்து, ஸ்பீடு பிரேக்கர்லயோ பள்ளத்துலயோ ரிம் ட்யூபைக் கடிச்சிருக்கு.

மாட்டும்போது புது ட்யூபுல உருண்டு நிக்கிற அளவுக்கு மட்டும் காத்து வையுங்க. டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க. கடைசி அரையடி இறுக்கமா இருக்கும், லீவர் போட்டு நெம்பினா ட்யூப் நசுங்கி அங்கேயே ஓட்டை. கட்டைவிரலாலேயே தள்ளுங்க.

ட்யூப்லெஸ் வச்சிருக்கீங்களா? 28 மில்லிமீட்டர் டயருக்கு 30, 40 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற பால்) போதும். முள்ளைப் பிடுங்கிட்டு ஓட்டை கீழ வர்ற மாதிரி சக்கரத்தை நிறுத்துங்க, அடைச்சிக்கும். ஆனா மதுரை வெயிலுக்கு அந்தப் பால் சீக்கிரம் காய்ஞ்சிரும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா திறந்து பாருங்க. உங்க ஏரியாவுல எந்த இடத்துல முள்ளு அதிகம்னு கமெண்ட்ல சொல்லுங்க, இங்கிட்டு ஓட்டுற எல்லாருக்கும் உதவும்.

காத்து எவ்வளவு? 70 கிலோ ஆளு, 28 மில்லிமீட்டர் டயர்னா பின்னால 75 பி.எஸ்.ஐ, முன்னால 70ல ஆரம்பிச்சுப் பாருங்க. டயர்ல அச்சடிச்சிருக்கிறது அதிகபட்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு இல்ல.

பஞ்சர் கடை கம்ப்ரசர் மோட்டார் சைக்கிள் வால்வுக்குத்தான் மாட்டும். நம்ம ஒல்லி பிரெஸ்டா வால்வுக்குச் சின்னப் பித்தளை அடாப்டர் வேணும், பையில ஒண்ணு போட்டுக்குங்க. வால்வு நுனியில இருக்கிற குட்டி நட்டைத் திருகித் தளர்த்திட்டு அதை மாட்டுங்க. "ஒரு நொடி விட்டு நிறுத்துங்கண்ணே"ன்னு சொல்லுங்க, இந்த ட்யூபுல இடம் கம்மி, மொத்தமா விட்டா வெடிச்சிரும். கிளம்பும்போது அடாப்டரைக் கழட்டிக்குங்க, நிறைய பேரோடது கடைக்காரர் ஹோஸ்லயே தங்கிருது.