நிலவுக்கு ஊட்டியவர்

நேயர்களுக்கு வணக்கம். நிலவைக் காட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுவது நம் வீடுகளில் வழக்கம். நிலவையே குழந்தையாக்கி ஊட்டிய ஓவியர் ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ரெமெடியோஸ் வாரோ.

1908-இல் ஸ்பெயினின் கேட்டலோனியாப் பகுதியில் ஆங்கிளெஸ் என்னும் ஊரில் பிறந்தார். நீரியல் பொறியாளரான தந்தை, தம்முடைய வரைபடங்களைப் பிரதியெடுக்கச் சொல்லிச் சிறுமியின் கையைப் பழக்கினார். இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் இதற்கு வருவேன்.

1937-இல் கவிஞர் பெஞ்சமின் பெரேயுடன் பாரிஸ் சென்று, கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளுடன் பழகினார். ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் தளபதி பிராங்கோ வென்றதால் தாயகம் திரும்பும் வழி அடைபட்டது. பாரிஸிலும் ஜெர்மானியப் படை நுழைந்துவிடவே, 1941-இன் இறுதியில் கப்பலேறி மெக்சிகோ சேர்ந்தார். ஐந்தாண்டுகளுக்குள் இரண்டு நாடுகள் கைவிட்டுப் போயின.

அதன்பின் பிழைப்புக்காக மருந்து நிறுவனத்துக்கு விளம்பரப் படங்கள் வரைந்தார். வெனிசுவேலாவில் மலேரியா ஒழிப்புப் பணிக்காக நுண்ணோக்கியில் பார்த்துப் பூச்சிகளை வரைந்தார். அவற்றை வீணான ஆண்டுகள் என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை.

1958-இல் அவர் வரைந்த 'விண்மீன் கூழ்' என்ற ஓவியத்தை மனக்கண்ணில் பாருங்கள். மேகங்களுக்கிடையே தனித்து நிற்கும் கோபுர அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கூரை வழியே இறங்கும் குழாயில் விண்மீன்கள் வந்து அரைவைப் பொறியில் விழுகின்றன. ஒரு கையால் பிடியைச் சுற்றி அரைக்கிறாள். மறு கையால் அந்தக் கூழைக் கரண்டியில் எடுத்து, கூண்டுக்குள் இருக்கும் பிறைநிலவுக்கு ஊட்டுகிறாள். அவள் முகத்தில் நான் காண்பது, அன்றாடம் மாவரைத்துப் பிள்ளைக்கு ஊட்டும் தாய்மார்கள் அறிந்த களைப்பு.

தந்தையிடம் கற்ற கை இங்கேதான் பேசுகிறது என்பது என் நெடுநாளைய எண்ணம். நான் முன்பே சொன்ன அந்த வரைபடப் பயிற்சிதான். குழாயும் பிடியும் உண்மையிலேயே இயங்கக்கூடியவை போல வரையப்பட்டிருப்பதால், விண்மீனை அரைப்பதையும் நாம் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். பூச்சியின் காலைக் கூர்ந்து பார்த்த கண்ணும் அதற்குத் துணை நின்றது.

இங்கிலாந்தில் பிறந்து, போரால் மெக்சிகோ வந்து சேர்ந்த ஓவியர் லியோனோரா கேரிங்டனுடன் அவர் கொண்டிருந்த நட்பை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் இடந்தரவில்லை. வாரோவுக்குத் தனிக் கண்காட்சி 1956-இல்தான் அமைந்தது. 1963 அக்டோபரில், 54 வயதில், மாரடைப்பால் காலமானார். அவ்வாண்டு அவர் வரைந்த கடைசி ஓவியத்தில் மனிதர் எவரும் இல்லை. மேசையை விட்டெழுந்த தட்டுகளும் பழங்களும் எரியும் மெழுகுவர்த்தியைச் சுற்றிச் சுழல்கின்றன.

வணக்கம்.